திருவிழா யாரையெல்லாம் சேர்க்கிறது? மதுரைச் சித்திரைத் திருவிழாவை முன்வைத்து ஒரு விவாதம்

வடக்குமாசி எழுதியது:

சித்திரை பிறந்ததும் நாளிதழ்கள் மதுரைத் திருவிழாவைச் சைவ வைணவ ஒற்றுமை விழா என்றும் மத நல்லிணக்க விழா என்றும் எழுதத் தொடங்கிவிடுகின்றன. எனக்கு அந்தப் பெயர்களில் மறுப்பு இல்லை. ஆனால், அந்த ஒற்றுமை எந்த வழியாக உண்டாகிறது என்பதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. கூட்டம் கூடினாலே ஒற்றுமை வந்துவிடும் என்றால், தீபாவளிக்கு முந்தைய இரவு மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் நாம் அனைவரும் உடன்பிறந்தவர்களாகியிருக்க வேண்டும்.

இங்கே நான் விவாதத்துக்கு வைக்க விரும்பும் கருத்து ஒன்றுதான். ஒரு திருவிழா மக்களைச் சேர்ப்பது, அதில் யார் யாருக்கு என்ன வேலை இருக்கிறது என்ற பங்கீட்டால்தான். கதையும் மேடைப் பேச்சும் அதற்குப் பின்னால் வருபவை.

திருமலை நாயக்கர் (1623–1659) காலத்துக்கு முன்பு மீனாட்சி திருக்கல்யாணமும் தேரோட்டமும் மாசியில் நடந்தன என்றும், அழகர் சித்திரைப் பௌர்ணமிக்குத் தேனூரில்தான் வைகையில் இறங்கினார் என்றும், நாயக்கரே இரண்டையும் ஒரே மாதத்தில் மதுரைக்குக் கொண்டுவந்தார் என்றும் சொல்லப்படுகிறது. சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. பெரிய தேர்களை இழுக்க ஆள் வேண்டும், கூடும் கூட்டத்தால் வணிகம் பெருக வேண்டும், நகரத்துக் கோயிலும் நாட்டுப்புறத்து மக்களும் ஓர் ஆட்சிக்குள் பிணைய வேண்டும் என்பன போன்ற காரணங்கள் அதற்குள் இருந்திருக்கும். அன்பு மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. ஆயினும் இணைத்தவர், ஒரு பக்கத்தை மற்றொன்றில் கரைத்துவிடவில்லை. தேனூரின் பெயரில் வண்டியூர்ப் பக்கம் ஆற்றில் ஒரு மண்டபம் இன்றும் இருக்கிறது. மண்டூக முனிவருக்கு அழகர் மோட்சம் கொடுப்பது அந்தத் தேனூர் மண்டபத்தில்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தங்கையின் கல்யாணத்துக்கு வந்த அண்ணன், தாமதமாகிவிட்டதால் கோபித்துக்கொண்டு ஊருக்குள் நுழையாமல் வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார் என்பது மக்கள் சொல்லும் கதை. கோயில் மரபு வேறு. மீனாட்சியைத் தாரைவார்த்துக் கொடுப்பவர் திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள். முருகனும் தெய்வானையும் உடன் வருகிறார்கள். அழகர் வருவது முனிவரின் சாபம் நீக்க. இரண்டு கதைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, ஆனாலும் எவரும் மற்றவரின் கதையைத் திருத்தச் செல்லவில்லை. அழகர் மலையிலிருந்து கள்ளர் கோலத்தில், கொண்டையும் கடுக்கனும் கையில் வளைதடியுமாகப் புறப்படுகிறார். தல்லாகுளத்தில் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையை அணிந்து தங்கக் குதிரையில் ஏறுகிறார். வண்டியூரில் தங்கும் இரவை மக்கள், அழகரின் இஸ்லாமியக் காதலி என்று தாங்கள் சொல்லும் துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போன இரவு என்கிறார்கள். ஒவ்வொரு கூட்டமும் தனக்குரிய அழகரை எடுத்துக்கொள்ள இடம் விட்டிருப்பதையே நான் பன்மையை மதிப்பது என்கிறேன்.

மற்ற ஊர்களின் திருவிழாக்களை அறிந்தவர்கள் இதை ஒப்பிட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கடச்சனேந்தல் எழுதியது:

வடக்குமாசி ஐயா, தாங்கள் நகரத்துக்குள்ளிருந்து பார்த்து எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் அழகர் வரும் வழியில் இருப்பவர்கள். பதினெட்டாம்படிக் கருப்பரிடம் விடைபெற்றுப் புறப்படும் அழகர் தல்லாகுளம் வருவதற்குள் எத்தனை இடங்களில் நிற்கிறார் என்பதைப் பார்த்தால் தங்கள் கருத்துக்கு இன்னும் வலுச் சேரும். வழியில் சாமியை நிறுத்தி வரவேற்று வழிபடும் மண்டகப்படிகள் நானூறுக்கும் மேல் இருக்கின்றன. கல் மண்டபம் வைத்திருக்கும் பரம்பரைக் குடும்பமும் உண்டு. கோயிலில் பணம் கட்டிப் பதிவு செய்துகொண்டு தகரக் கொட்டகை போட்ட ஆட்டோ ஓட்டுநர் சங்கமும் உண்டு. அரிசி ஆலைக்காரர், காய்கறி மண்டிக்காரர், ஒரு தெருவின் இளைஞர்கள் என எவரும் தம் வாசலில் சாமியை நிறுத்திவிட முடியும்.

எங்கள் தெருவின் மண்டகப்படிக்கு முந்தைய நாள் மாலையே வேலை தொடங்கிவிடும். வாழைமரம் கட்டுவது ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர், பானகம் கரைப்பதற்கு இரண்டு வீட்டுப் பெண்கள், கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர். சாமி வந்து நிற்பது சில நிமிடங்கள்தான். தீபாராதனை, மரியாதையாகத் தலையில் கட்டும் பரிவட்டம், அவ்வளவே. சீர்பாதந்தாங்கிகள் உடனே பல்லக்கைத் தூக்கிவிடுவார்கள். அந்தச் சில நிமிடங்களுக்காக, ஆண்டு முழுவதும் குழாயடியில் சண்டையிட்டுக்கொள்ளும் இரண்டு வீட்டார் ஓரிரவு முழுவதும் ஒரே அண்டாவுக்கு இரு பக்கமும் நிற்கிறார்கள். மறுநாள் சண்டை மீண்டும் வரும். வந்தாலும் பேச்சு அறுந்துபோகும் அளவுக்குப் போவதில்லை.

சர்க்கரைச் செம்பையும் இங்கே சொல்ல வேண்டும். செம்பு நிறைய நாட்டுச் சர்க்கரையை எடுத்து, வாயை வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றி அழகர் முன் காட்டுவார்கள். சாமி நகர்ந்ததும் சூடத்தை அணைத்துவிட்டு, இலையைக் கிழித்து, பக்கத்தில் நிற்பவர்களின் கையில் ஆளுக்கு ஒரு பிடி சர்க்கரையை வைப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. நீட்டிய கை நீட்டியபடி இருக்கும். அன்று காலையில் வைகை மணலில் நிற்கும் எவருடைய உள்ளங்கையும் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

நாலாம்வடம் எழுதியது:

மேலே இருவரும் எழுதியதைப் படித்தேன். இருவரும் மறந்துவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலையைப் பங்கிடும் திருவிழா மரியாதையையும் பங்கிடுகிறது. மரியாதையைப் பங்கிடும்போது யாருக்கு முதல், யாருக்குப் பிறகு, யாருக்கு இல்லவே இல்லை என்பதும் முடிவாகிவிடுகிறது.

நான் சிவகங்கை மாவட்டத்துக்காரன். கண்டதேவி சொர்ணமூர்த்தீசுவரர் கோயிலின் ஆனித் தேர் பற்றி இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். உஞ்சனை, செம்பொன்மாரி, இறவுசேரி, தென்னிலை என நான்கு நாட்டார்கள் (நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த தொகுதி) அந்தத் தேருக்கு வடம் பிடிக்கும் உரிமை உடையவர்கள். வடக்குமாசி அவர்கள் மெச்சும் பங்கீட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது: நாட்டுக்கு ஒரு பங்கு, ஒழுங்கான ஏற்பாடு. அந்த ஒழுங்கில் பட்டியல் சாதி மக்களுக்கு வடத்தில் இடமில்லாமல் இருந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் அவர்கள் இடம் கேட்டபோது தேர் நின்றது. வழக்குகள் நடந்தன, நீதிமன்ற ஆணைகள் வந்தன, சில ஆண்டுகளில் காவல்துறை சூழத் தேர் நகர்ந்தது, பிறகு பல ஆண்டுகள் நிலையிலேயே நின்றது. 2024 ஜூனில்தான், பலத்த காவலோடு மீண்டும் ஓடியது. சுற்று வட்டாரத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் ஊர்த் தேர் ஓடுவதைப் பார்க்காமலேயே வளர்ந்துவிட்டார்கள்.

பண்பாட்டு விழா என்றதும் நாம் கோலத்தையும் மேளத்தையும் நினைத்துக்கொள்கிறோம். ஊர்க்காரர்களுக்கு அது ஆண்டுக்கொரு முறை பொதுவெளியில் படிக்கப்படும் பட்டியல். தேங்காய் மூடி யாருக்கு முதலில் கொடுக்கப்பட்டது, பரிவட்டம் யார் தலையில் கட்டப்பட்டது என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. பட்டியலில் இல்லாதவனுக்கு அந்த விழா, தான் இல்லை என்பதை நினைவூட்டும் விழா. ஆகவே, வேலைப் பங்கீடு மக்களைச் சேர்க்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட வேண்டாம். பட்டியல் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதே கேள்வி. கடச்சனேந்தலில் ஆட்டோ சங்கம் புதிதாக நுழைய முடிந்ததற்குக் காரணம், சாலை நீளமானது, இன்னொரு கொட்டகைக்கு எப்போதும் இடம் இருக்கும். தேர் வடத்தின் நீளம் அளவானது. இடம் குறைவாக இருக்கும்போது ஓர் ஊர் என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் அந்த ஊரின் திருவிழாவை எடைபோட வேண்டும்.

வெளிவீதி எழுதியது:

நாலாம்வடம் அவர்கள் சொன்னது எங்கள் யாழ்ப்பாணத்துக்கும் அப்படியே பொருந்தும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசம் கேட்டு மக்கள் நின்றதும், அவர்களை உள்ளே விட மறுத்ததும் எங்கள் மூத்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். திருவிழாக்களை, ஒரு நாள் விழாவின் செலவை ஏற்கும் உபயகாரர் முறையில் குடும்பங்களுக்கும் தொழில் வகுப்பாருக்கும் பிரித்துக் கொடுத்த கோயில்களில் போட்டியும் மனத்தாங்கலும் நிறைய நடந்திருக்கின்றன. என் திருவிழாவுக்கு எத்தனை மேளம், உன் திருவிழாவுக்கு எத்தனை மேளம் என்று தொடங்கும் கதை அது.

இதற்கு மாறான ஒரு வழியை நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் காணலாம். இருபத்தைந்து நாள் திருவிழா. குறித்த நேரத்துக்கு மணி அடித்தால் அடித்ததுதான். அமைச்சர் வருகிறார், வெளிநாட்டிலிருந்து பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று சுவாமி காத்திருப்பதில்லை. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். உள்ளே வரும் ஆண் எவராக இருந்தாலும் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். மாலை மரியாதை என்று தனியாக எவருக்கும் கிடையாது. கொடியேற்றத்துக்கான கொடிச்சீலையைக் கல்வியங்காட்டுச் செங்குந்தர் பரம்பரையினர் கொண்டுவந்து கொடுப்பது போன்ற சில பழைய உரிமைகள் உண்டு. அவற்றைத் தவிர, எல்லாரும் அடியார்கள்தான். மக்களுக்கு நிர்வாகத்தில் பங்கு இல்லை என்று இதைக் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள், அந்தக் குறையில் நியாயமும் இருக்கிறது. இருந்தாலும், மரியாதையைப் பங்கிடுவதில் சண்டை வருமென்றால், எவருக்கும் கொடுக்காமல் விட்டுவிடுவதும் ஒரு தீர்வு என்பதை நல்லூர் காட்டியிருக்கிறது. புலம்பெயர்ந்தவர்கள் விடுமுறையை நல்லூர்க் கொடியேற்றத்தைப் பார்த்துப் போடுகிறார்கள் என்றால், அங்கே தாங்கள் யாருக்கும் கீழே நிற்க வேண்டியதில்லை என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வடக்குமாசி எழுதியது:

நல்லூர் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஓர் ஐயம். எவருக்கும் மரியாதை இல்லாத இடத்தில் எவருக்கும் வேலையும் குறைந்துவிடாதா? சமமாக நின்று பார்க்கும் கூட்டமாக மட்டும் நாம் ஆகிவிட்டால், கடச்சனேந்தல் சொன்ன அந்த அண்டாவுக்கு இரு பக்கமும் நிற்பவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

வெளிவீதி எழுதியது:

வேலை குறையவில்லை, ஐயா. அது வெளிவீதிக்கு நகர்ந்துவிட்டது. அங்கப்பிரதட்சணம் செய்பவர்களுக்காக விடியுமுன் மணலைச் சீராக்குகிறவர்கள், தண்ணீர்ப்பந்தல் வைப்பவர்கள், அன்னதான மடங்களில் இலை எடுப்பவர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு எவரும் பரிவட்டம் கட்டுவதில்லை, அவர்கள் எதிர்பார்ப்பதுமில்லை.

அலங்காரவாசல் எழுதியது:

நான் நாகூரைச் சேர்ந்தவன். இதுவரை நடந்த உரையாடல் ஒரே சமயத்துக்குள் இருக்கும் வேறுபாடுகளைப் பற்றியதாக இருப்பதால், சமயம் கடந்த ஒரு விழாவைப் பற்றியும் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி பதினான்கு நாள் நடக்கும். ஹிஜ்ரி ஆண்டின் ஜமாத்துல் ஆகிர் மாதத்தில் வருவதால், ஆங்கில மாதக் கணக்கில் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். கொடிகள் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதங்களில் வருகின்றன. தர்காவில் அடங்கியிருக்கும் நாகூர் ஆண்டவரை, நாங்கள் எஜமான் என்று அழைப்பவரை, கடலோடிகளின் காவலராக எண்ணும் ஊரில் கொடிக்கு வேறு வாகனம் பொருந்தாது. பத்தாம் நாள் இரவில் சந்தனக்கூடு, அதுவும் நாகையிலிருந்து அபிராமி அம்மன் திருவாசல் வழியாகப் புறப்பட்டு வருகிறது. விடியற்காலையில் அவருடைய அடக்கத்தலமான ரவுலாவில் சந்தனம் பூசுவார்கள். அதற்கான சந்தனக் கட்டைகளைத் தமிழக அரசு கட்டணமில்லாமல் கொடுக்கிறது. தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானதை, 131 அடி, கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங்.

இவையெல்லாம் சுற்றுலாக் கையேட்டில் இருப்பவைதான். கையேட்டில் இல்லாதது என்னவென்றால், இங்கே வரும் இந்துக்கள் நல்லிணக்கத்தைக் காட்டுவதற்காக வருவதில்லை. பிள்ளைக்கு முடி இறக்க வருகிறார்கள்; கால்வலி தீர்ந்ததற்காகக் கால் வடிவத் தகடு வாங்கிப் போட வருகிறார்கள்; புதுப் படகு வாங்கிய மீனவர் கொடி கொண்டுவருகிறார். அவர்களுக்கு எஜமானோடு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. தகடு விற்கும் கடையில் வீடு, தொட்டில், கண், படகு எல்லாம் வரிசையாகத் தொங்கும்; வாங்குபவரின் நெற்றியில் திருநீறு இருக்கிறதா என்று கடைக்காரர் பார்ப்பதில்லை, எந்த உறுப்பு வேண்டும் என்றுதான் கேட்பார்.

முழுமைக்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கந்தூரியை ஏற்காத முஸ்லிம்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். தர்கா வழிபாடு மார்க்கத்துக்குப் புறம்பானது என்பது அவர்களுடைய உறுதியான நிலைப்பாடு. அவர்கள் அந்நாட்களில் ஒதுங்கியிருந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறுகிய மனத்தவர்கள் என்று வெளியூர்க்காரர்கள் எழுதுவது எனக்கு உடன்பாடன்று. பன்மையை மதிப்பது என்று சொல்பவர்கள், விழாவுக்கு வராமலிருப்பவரையும் மதிக்கத்தான் வேண்டும். என் வீட்டிலேயே இரண்டு நிலைப்பாடுகளும் இருக்கின்றன. கந்தூரி நாளில் வரும் விருந்தாளிக்கு இரண்டு தரப்பும் சேர்ந்துதான் சோறு போடுகிறது.

கணக்காயன் எழுதியது:

எல்லாரும் உருகி உருகி எழுதுகிறீர்கள். நான் ஒரு செலவுக் கணக்கை மட்டும் வைக்கிறேன். 2022 ஏப்ரலில், இரண்டு ஆண்டுத் தொற்றுக்காலத் தடைக்குப் பிறகு அழகர் ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் சிக்கி இரண்டு பேர் உயிரிழந்தார்கள். ஆட்டுத்தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவது வேண்டுதல் என்ற நிலை மாறி, விசைப்பம்பு வைத்துப் பீய்ச்சத் தொடங்கியதால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை அது சென்றது. தோல்பை மட்டுமே போதும் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவருடைய வேண்டுதல் இன்னொருவருடைய கண்ணில் போய்ப் பாய்கிறது. விழா முடிந்த பிறகு வைகை மணலில் கிடக்கும் நெகிழித் தட்டுகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். கூட்டத்தின் அளவைப் பெருமையாகச் சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும். ஆள் பெருகப் பெருக மேலே சொன்ன வேலைப் பங்கீடு தளர்ந்து, காவல்துறையின் தடுப்புக் கம்பிகளே விழாவை நடத்தத் தொடங்கிவிடுகின்றன.

தண்ணீர்மலை எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். பினாங்கில் எங்கள் தைப்பூசத்தைப் பற்றிச் சொன்னால் கணக்காயன் ஐயாவின் கேள்விக்கும் ஓரளவு பதில் கிடைக்கும்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் 1894இல் காரைக்குடியிலிருந்து வரவழைத்த வெள்ளி ரதம், பூசத்துக்கு முந்தைய நாள் விடியலில் பினாங்குத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து புறப்படும். ஜார்ஜ் டவுனின் சீனர் கடைத்தெருக்கள் வழியாகத் தண்ணீர்மலை அடிவாரத்திலுள்ள செட்டியார் கோயிலை அடைய இரவாகிவிடும். வழியெல்லாம் தேங்காய் மலைபோல் குவிந்திருக்கும். அவற்றில் பெரும்பங்கைக் குவிப்பவர்கள் சீனர்கள். ரதம் வருவதற்குச் சற்று முன்பு, கடை முதலாளியும் ஊழியர்களும் வரிசையாக நின்று, இரு கையாலும் எடுத்து எடுத்துச் சாலையில் எறிவார்கள்; சில நிமிடங்களில் சாலை வெண்மையாகி, இளநீர் கணுக்கால் வரை தெறிக்கும். பின்னாலேயே மண்வாரி இயந்திரம் வந்து ஓடுகளை ஒதுக்கிய பிறகுதான் ரதம் நகர முடியும். ஊதுவத்தி ஏந்துவதும் தேங்காய் உடைப்பதும் அவர்கள் வழக்கத்திலும் நம் வழக்கத்திலும் கலந்துவிட்டன. முருகனை அவர்கள் எந்தக் கடவுளாக எண்ணி வணங்குகிறார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. வடக்குமாசி ஐயா சொன்ன, தனக்குரிய அழகரை எடுத்துக்கொள்வது இங்கேயும் நடக்கிறது.

இத்தனை தேங்காய் வீணாகலாமா என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டிருக்கிறது. சங்கம் சொல்வது நியாயம். உடைக்கும் தேங்காயைக் குறைத்து, மிச்சப்படும் பணத்தைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுக்கலாம் என்று நானும் பேசிப் பார்த்திருக்கிறேன். ஒரு சீன வணிகர் சிரித்துக்கொண்டே, பள்ளிக்குத் தனியாகத் தருகிறேன், தேங்காயில் கைவைக்க வேண்டாம் என்றார். வேண்டுதலில் பேரம் இல்லை என்பது அவருடைய பதில்.

ஆனால் நாலாம்வடம் அவர்கள் எழுப்பிய கேள்வி எங்களையும் விடவில்லை. 2017இல் பினாங்கு இந்து அறப்பணி வாரியம் தங்க ரதம் ஒன்றைக் கொண்டுவந்தது. வெள்ளி ரதம் ஒரு சமூகத்தாரின் பொறுப்பில் இருக்கிறது, தங்க ரதம் எல்லா இந்துக்களுக்கும் பொதுவானது என்பது ஒரு வாதம். நூற்றாண்டு கடந்த மரபுக்குப் போட்டியாக அரசுச் சார்புள்ள அமைப்பு இறங்கலாமா என்பது எதிர்வாதம். எந்த ரதம் முன்னே செல்வது, எந்தப் பாதையில் செல்வது என்று தமிழர்கள் நாங்கள் ஒருவருக்கொருவர் அறிக்கை விட்டுக்கொண்டிருந்த காலத்தில், சீனர்கள் இரண்டு ரதங்களுக்கும் தேங்காய் உடைத்தார்கள். வெளியிலிருந்து வருபவரைச் சேர்த்துக்கொள்வது எளிது, உள்ளே இருப்பவரோடு பங்கிட்டுக்கொள்வதுதான் கடினம் என்று எனக்கு அப்போது தோன்றியது.

நாலாம்வடம் எழுதியது:

தண்ணீர்மலை அவர்களின் கடைசி வரியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கண்டதேவியிலும், வெளியூரிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி ஒருவர் வடத்தைத் தொட்டிருந்தால் எவரும் தடுத்திருக்க மாட்டார்கள். பக்கத்துத் தெருக்காரர் தொடுவதுதான் நீதிமன்ற வழக்காயிற்று.

மூன்றாம்தளம் எழுதியது:

இவ்வளவு படித்த பிறகு ஒரு நடைமுறைக் கேள்வி கேட்கிறேன். ஓசூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, ஒடியா பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் சங்கத்தின் சார்பில் பண்பாட்டு நாள் ஒன்று நடத்துகிறோம். மேடை போட்டு, மாநிலத்துக்கு ஒரு நடனம், ஓர் உணவுக் கடை. பிள்ளைகள் வேடமணிந்து வருவார்கள். அனைவரும் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். மறுநாள் மின்தூக்கியில் பார்த்தால் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரிவதில்லை. செயலாளர் என்ற முறையில் இந்த ஆண்டு ஏதாவது மாற்ற விரும்புகிறேன். எங்களுக்கு அழகரும் இல்லை, ரதமும் இல்லை. என்ன செய்யலாம்?

கடச்சனேந்தல் எழுதியது:

அம்மா, மேடையை எடுத்துவிடுங்கள். மேடை இருக்கும் வரை பத்துப் பேர் ஆடுவார்கள், இருநூறு பேர் பார்ப்பார்கள். அதற்குப் பதிலாகச் சமையலை வெளியே கொடுக்காமல் நீங்களே செய்யுங்கள். மதுரையில் திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளி வளாகத்தில் கல்யாண விருந்து நடக்கிறது. முந்தைய நாளே பெண்கள் கூட்டமாக வந்து உட்கார்ந்து காய் நறுக்குவார்கள், எவரும் அழைப்பதில்லை. சாப்பிட்டவர்கள் மீனாட்சி கல்யாணத்துக்கு மொய் எழுதிவிட்டுப் போவார்கள். பத்து ரூபாய் எழுதுபவரும் கல்யாண வீட்டு உறவினர்தான். உங்கள் குடியிருப்பில் ஒடியா வீட்டார் செய்யும் பருப்புக்குத் தமிழ் வீட்டார் வெங்காயம் உரித்தால், பெயர் தானாகத் தெரிந்துவிடும்.

அலங்காரவாசல் எழுதியது:

மாநிலத்துக்கு ஒரு கடை என்று பிரிப்பதையும் கைவிடலாம். அப்படிப் பிரித்தால் ஒவ்வொருவரும் தம் மாநிலத்தின் தூதராக நிற்க வேண்டியிருக்கிறது. தன் ஊர் உணவு பிடிக்காத மலையாளி எங்கே போவார்? ஒரு குடும்பம் உண்மையாகவே கொண்டாடும் நாளில் மற்றவர்களை அழைக்கச் சொல்லுங்கள். ஓணத்தன்று பூக்களத்துக்குப் பூ ஆய்ந்து கொடுக்க நான்கு வீட்டுப் பிள்ளைகள் போகட்டும். நோன்புத் திறப்புக்குக் கஞ்சி காய்ச்சும் வீட்டுக்கு அண்டா இரவல் கொடுக்க ஒருவர் வரட்டும். பொதுவாக ஒரு நாளை உருவாக்கி அதில் எல்லாருடைய பண்டிகையையும் சிறிது சிறிது வைப்பதைவிட, ஒருவருடைய பண்டிகையில் மற்றவருக்கு ஒரு வேலை கிடைப்பது நல்லது.

கணக்காயன் எழுதியது:

இரண்டும் நல்ல யோசனைகள். ஆனால் மூன்றாம்தளம் அம்மா, உங்கள் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வருபவர்கள், காவலாளிகள், குப்பை எடுப்பவர்கள் இருப்பார்கள் அல்லவா? விழா நாளில் அவர்களுக்கு என்ன இடம் என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பந்தியில் உட்காரும் இடமா, பந்தி முடிந்த பிறகு பொட்டலமா என்பதில் எல்லாமே தெரிந்துவிடும். மதுரையிலும் இதே குறை இருக்கிறது. நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகள் என்று கடச்சனேந்தல் எழுதினார். அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு ஆற்று மணலையும் தெருக்களையும் கூட்டிப் பெருக்கும் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களின் பெயரில் ஒரு மண்டகப்படி இருக்கிறதா?

கடச்சனேந்தல் எழுதியது:

எங்கள் வழித்தடத்தில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வைப்பதற்குக் கோயில் விதியில் தடை எதுவும் இருப்பதாகவும் தெரியவில்லை. எங்கள் தெரு மண்டகப்படிக் கூட்டம் பங்குனியில் கூடும்போது இதைப் பேசுகிறேன். அவர்களுக்காக நாங்கள் வைப்பது என்றில்லாமல், அவர்கள் வைக்க விரும்பினால் இடமும் மின் இணைப்பும் பக்கத்தில் கொடுப்பது என்று பேசலாம் என்றிருக்கிறேன்.

நாலாம்வடம் எழுதியது:

அப்படியே பேசுங்கள். பரிவட்டம் அவர்களில் ஒருவருக்குக் கட்டப்படுமா என்பதையும் அதே கூட்டத்தில் கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வியைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் அது தள்ளியே போய்விடும்.